குழந்தைச் சீரில் எதை வைப்பது, எதை விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் குழந்தைப் பொருள் கடைகளின் விளம்பரங்கள் அடிக்கடி வருகின்றன. தொட்டில், வாக்கர், தள்ளுவண்டி, மெத்தை செட், பரிசுப் பெட்டி என்று எல்லாவற்றையும் சேர்த்து 'முழுச் சீர் செட்' என்றே விற்கிறார்கள். பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் என்ற முறையில், கடைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்குச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

கொங்குப் பகுதியில் தலைப்பிள்ளைக்கான பொருட்களைப் பெற்றோர் வாங்குவது குறைவு. அப்புச்சி (தாயின் தந்தை) வீட்டிலிருந்தும் தாய்மாமனிடமிருந்தும் சீராக வருவதுதான் அதிகம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையை அப்பன் வீட்டில் கொண்டுவந்து விடும்போது, வந்து இறங்கும் பொருட்களை ஊரே பார்க்கிறது. அதனால் பார்வைக்குப் பெரிதாக இருப்பவை முதலில் இடம்பிடிக்கின்றன. முப்பது லங்கோடு (இடுப்பில் கட்டும் துணி), ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், காருக்கான குழந்தை இருக்கை ஆகியவற்றைத் தட்டில் வைத்துத் தூக்கி வருபவர் யாரும் இல்லை. குழந்தைக்குத் தினமும் தேவைப்படுவதும், உயிரைக் காப்பதும் இவைதான். கர்ப்பிணிக்கு நடத்தும் கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறிக்கும்போதே இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து இதைப் பேசிவிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

எது தேவை என்பதற்கு அரசே ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மார்களுக்கென்று 2015-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை, கை கழுவும் திரவம், தாய்க்கு ஒரு சோப்பு, சுண்டி லேகியம், இவற்றையெல்லாம் போட்டு வைக்க ஒரு பை. பால் பாட்டில் அதில் இல்லை. தலையணையும் வாக்கரும் இல்லை. முதல் இரண்டு மாதத்துக்கு அந்தப் பட்டியலோடு இன்னும் நாலைந்து பொருள் சேர்த்தால் போதும்.

துணியிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அது நம் ஊர்ச் சரக்கு. பிறந்த குழந்தைக்கு முன்பக்கம் திறந்து நாடா கட்டும் பருத்திச் சட்டை, அதாவது ஜபலா, ஆறு முதல் எட்டு இருந்தால் சரியாக இருக்கும். பிறந்த குழந்தை அளவு என்று விற்பதை மூன்று நான்குக்கு மேல் வாங்காதீர்கள். முதல் வாரம் சற்று எடை இறங்கும் குழந்தை, பத்துப் பதினான்கு நாளில் அதைத் திரும்பப் பிடித்து, அதன்பின் நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறும். ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். அதனால் சிறிய அளவுத் துணி ஒன்றிரண்டு மாதத்தில் பீரோவுக்குப் போய்விடும். சீர் செய்பவர்கள் 3-6 மாத அளவும், 6-12 மாத அளவும் எடுப்பது நல்லது. திருப்பூர் காதர்பேட்டையில் எடுத்தாலும், ஈரோடு ஜவுளிச் சந்தையில் எடுத்தாலும் பார்க்க வேண்டியவை ஒன்றே. இன்டர்லாக் துணி இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கும், ஓரம் சுருளாது. உள்பக்கத் தையல் தடித்து உறுத்தக் கூடாது. கழுத்துப் பட்டையில் லேபிள் இருந்தால் பிரித்தெடுத்துவிட வேண்டும். அழுத்தி மூடும் டிச் பட்டன் வைத்ததில் பட்டனின் பின்பக்க உலோகம் வயிற்றில் படாமல் துணி மூடியிருக்க வேண்டும். ஜிகினா, மணி, ஒட்டு வேலை எதுவும் வேண்டாம். புதுத் துணி எதுவானாலும் ஒருமுறை துவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகே போட வேண்டும்.

கையுறை, காலுறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலிவான பின்னல் உறைகளின் உள்ளே தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றிக்கொள்ளும். குழந்தை கையை ஆட்ட ஆட்ட அது இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் நீலமாகிவிடும். தாயின் தலைமுடி சிக்கினாலும் இதே கதைதான். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் உறையைக் கழற்றிப் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நகத்தை வாரம் ஒருமுறை வெட்டிவிட்டால் கையுறையே தேவையில்லை.

லங்கோடு கணக்கு இது. பால் நன்றாகக் குடிக்கும் குழந்தை முதல் மாதத்தில் நாளைக்கு 12 முதல் 15 முறை துணி மாற்ற வைக்கும். வெயில் காலத்தில் ஒரே நாளில் காய்ந்துவிடும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளாகும். ஆகவே முப்பதுக்குக் குறையாமல் வேண்டும். இதைக் கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய நாலு முழ வேட்டி ஒன்றில் 60 செ.மீ. சதுரம் ஆறு கிடைக்கும், எட்டு முழ வேட்டியில் பன்னிரண்டு. ஓரம் மட்டும் அடித்துவிட்டு முக்கோணமாக மடித்துக் கட்டலாம். பலமுறை துவைத்த வேட்டித் துணி புதுத் துணியைவிட நன்றாக ஈரம் உறிஞ்சும்.

அவிநாசி, காங்கேயம், பல்லடம் பக்கம் போர்த் தண்ணீரில் துவைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் துணியிலேயே படிந்துவிடும். துணி விறைத்துப்போய், தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகும். டயப்பர் ஒத்துக்கொள்ளவில்லை, பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். காரணம் தண்ணீராக இருக்கும். துவைப்பது எந்தத் தண்ணீரானாலும், கடைசி அலசலை மட்டும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கம்ஃபர்ட் போன்ற மணத் திரவங்களை லங்கோட்டில் சேர்க்க வேண்டாம். அவை நூலின் மேல் மெழுகுபோல் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

டயப்பரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரவுக்கு ஒன்று, தடுப்பூசிக்கோ வெளியூருக்கோ போகும்போது ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று பத்து ரூபாய் என்றாலே, நாளெல்லாம் டயப்பரில் வைத்தால் எட்டுக்குக் குறையாது. மாதம் 2,400 ரூபாய். இரவுக்கு மட்டும் என்றால் 300 ரூபாயில் முடியும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று பெரிய பெட்டி எடுக்கும்போது எடை அளவைப் பாருங்கள். நாலு கிலோக் குழந்தைக்குச் சரியாக இருப்பது ஆறு வாரத்தில் தொடையில் சிவந்த கோடு போட ஆரம்பிக்கும். அந்தக் கோடு தெரிந்தால் அடுத்த அளவுக்கு மாற வேண்டும் என்று பொருள். மீதியுள்ளதைத் தீர்ப்பதற்காக இறுக்கிக் கட்டக் கூடாது. ஈரத் துடைப்பான் பயணத்துக்கு மட்டும். வீட்டில் பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும் இருக்கும்போது அது எதற்கு?

துண்டுக்கு நம் ஈரிழைத் துண்டை மிஞ்சியது இல்லை. தொப்பி வைத்த டர்க்கி டவல் கனமானது, காய நேரமாகும், முடிச்சுகளில் சோப்பு தங்கும். குளிப்பாட்டத் தனித் தொட்டியும் அவசியமில்லை. அகன்ற பிளாஸ்டிக் பேசின் போதும். முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் சுடுதண்ணீர், பிறகு முழங்கை வைத்துப் பார்ப்பது என்ற வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. பிறந்து ஒரு நாளாவது ஆகாமல் குளிப்பாட்ட வேண்டாம். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழாயை உறுத்தும்; தலை துவட்டத் துண்டு போதும்.

இனித் தொட்டில். இதில்தான் சீர்ப்பணம் அதிகம் போகிறது, ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இரவு முழுவதும் குழந்தை தூங்க வேண்டிய இடம் சமமான, அழுத்தினால் அமுங்காத படுக்கை. பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து, மேலே சென்னிமலைப் போர்வையை இழுத்து விரித்தால் அந்தப் படுக்கை தயார். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, சுற்றிலும் உருண்டை மெத்தை, கனத்த ரஜாய், பஞ்சுப் பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நாலைந்து மாதக் குழந்தை புரண்டு முகத்தை அதில் புதைத்துக்கொண்டால், திருப்பிக்கொள்ளத் தெரியாது. அமெரிக்காவில் குழந்தைக் கட்டிலைச் சுற்றி வைக்கும் பஞ்சுத் தடுப்புகளையும், சாய்ந்த நிலையில் தூங்கவைக்கும் படுக்கைகளையும் 2022-ல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். இங்கே அவையே மெத்தை செட் என்ற பெயரில் பளபளவென்று விற்கின்றன.

கடுகுத் தலையணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அம்மாயிகள் (தாயைப் பெற்ற பாட்டிகள்) ஆசையாகத் தைத்து வைக்கிறார்கள். தலை உருண்டையாக வரும் என்பதற்காக இது தேவையில்லை. பிரசவத்தில் நீண்ட தலை சில வாரங்களில் தானே சரியாகும். ஒரே பக்கம் படுத்துத் தட்டையாவதைத் தடுக்க, இன்று தலை வைத்த பக்கம் நாளை கால் வருமாறு படுக்கையில் திசை மாற்றிப் போடுங்கள். வெளிச்சமும் ஆள் குரலும் வரும் பக்கம் குழந்தை திரும்பும். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, சில நிமிடம் குப்புறப் போடுவது கழுத்துக்கும் வலு. தலையணைத் தையல் விட்டு, கடுகு மூக்குக்கும் காதுக்கும் போன நிகழ்வுகள் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல.

சேலைத் தொட்டில் அழுகையை அமர்த்தும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் துணி வளையும்போது குழந்தையின் முதுகும் வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும். எடை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறந்த குழந்தைக்கு அந்த நிலையில் மூச்சு தடைப்படும். ஆகவே தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் போடுவதே முறை. தொட்டில் கட்டும்போது இரண்டு பக்கத் துணியையும் அகற்றி வைக்கக் குறுக்குக் கட்டை அவசியம். கட்டை இல்லாவிட்டால் துணி முகத்தின் மேல் மூடிக்கொள்ளும். அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. சுவர், ஜன்னல் கம்பி, கட்டில் விளிம்பு எதுவும் ஆடும் தூரத்துக்குள் வரக் கூடாது.

ஸ்பிரிங் தொட்டிலில் முதலில் சோர்வது ஸ்பிரிங்கின் இரண்டு முனைக் கொக்கிகள். நாளெல்லாம் ஏறி இறங்கும் உலோகம் கொக்கியின் வளைவில்தான் களைத்துப்போகிறது. வாங்கிய அன்று கொக்கியின் வாய் எவ்வளவு அகலம் என்று ஒரு பென்சிலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் அது அகன்றிருந்தால், அல்லது குழந்தை இல்லாத நேரத்திலும் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால், அந்த ஸ்பிரிங் முடிந்தது. மேல் கொக்கியிலிருந்து தொட்டில் கம்பிவரை ஒரு நைலான் கயிற்றை, ஸ்பிரிங் முழுதாக நீளும் அளவைவிட நாலு விரல் கூடுதலாக விட்டு, தளர்வாகக் கட்டிவிட வேண்டும். ஸ்பிரிங் அறுந்தாலும் கயிறு தாங்கும். கூரையில் புதிதாகத் துளை போட்டு மாட்டும் கொக்கிக்கு, துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் ஆங்கர் போல்ட் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் செருகி முறுக்கிய ஸ்க்ரூ, கீழ்நோக்கி இழுக்கும் பாரத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சிமெண்ட் ஷீட் வீடுகளில் ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாயில் மட்டும் கட்டலாம். எதுவானாலும் முதலில் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் போட்டுப் பத்து நிமிடம் ஆட்டிப் பார்த்த பிறகுதான் குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும்.

குழந்தை புரளவோ, எதையாவது பிடித்து எழவோ முயன்றால் தொட்டில் காலம் முடிந்தது என்று கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தொங்கும் சேலையை முறுக்கி விளையாடும்போது கழுத்தில் சுருக்கு விழுந்து உயிர் போயிருக்கிறது. தூக்கம் முடிந்ததும் சேலையைச் சுருட்டிக் கொக்கியின் மேலேயே போட்டுவிடுங்கள்.

கொசுவலை கட்டாயம் வேண்டும். குடை வலை, புரளத் தெரியாத வரைக்கும் சரி. அதன்பின் குழந்தை வலையோரத்தில் முகத்தை அழுத்தும், கம்பியையும் இழுக்கும். பெரியவர்களோடு கட்டும் வலைக்குள் வந்துவிடட்டும். கொசுவத்திச் சுருளைக் குழந்தை இருக்கும் அறையில் ஏற்றவே கூடாது.

பால் விஷயத்தில் கடைப் பட்டியலில் பாதியை அடித்துவிடலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றால் பாட்டில், ஸ்டெரிலைசர், பாட்டில் வார்மர், பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. பால் பாட்டிலையும் பால் பவுடரையும் விளம்பரம் செய்வதையும் இலவசமாகக் கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடுக்கின்றன. விளம்பரம் வாங்கும் நாளிதழ்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம். கறந்த பாலைப் புகட்ட வேண்டி வந்தால் மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான எவர்சில்வர் பாலாடை ஒன்று இருக்கட்டும். மூலை முடுக்கு இல்லாததால் தேய்த்துக் கழுவுவது எளிது. மூடிய பாத்திரத்தில் மூழ்கும்படி தண்ணீர் விட்டு, கொதி வந்தபின் 10 நிமிடம் வைத்தால் போதும். பாட்டிலின் ரப்பர் முனையிலும் திருகு மரையிலும் தங்கும் பால்தான் வயிற்றுப்போக்குக்குக் காரணம்.

சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு, பனியன் கம்பெனிக்குப் போகிற தாய்மார்களுக்கு, பால் கறக்கும் பம்ப் உதவும். அதை முன்கூட்டியே வாங்க வேண்டாம். கையால் கறக்கும் முறையைப் பிரசவ வார்டுச் செவிலியரிடம் கேட்டு முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பலருக்கு அதுவே போதும். பம்ப் வாங்குவதானால் மார்பில் வைக்கும் புனலின் அளவைப் பாருங்கள். பெட்டியில் பெரும்பாலும் 24 மி.மீ. வரும். காம்பு குழாயின் சுவரில் உரசி வலித்தால் சிறிது. கருவளையம் வெகுவாக உள்ளே இழுபட்டால் பெரிது. சில வாரம் நன்றாகக் கறந்த பம்ப் திடீரென்று இழுக்காமல் போனால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன், வாத்தின் அலகைப்போல் இருக்கும் சின்ன சிலிக்கான் வால்வைப் பாருங்கள். அதன் நுனிப் பிளவு அகன்றிருக்கும், அல்லது ஓரம் கிழிந்திருக்கும். பிரஷ் போட்டுத் தேய்ப்பதால் வருவது அது. தண்ணீர் ஓடவிட்டுக் கழுவினாலே போதும். வால்வு தனியாகவும் கிடைக்கும். கறந்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் வெளியே நாலு மணி நேரம் தாங்கும். சித்திரையில் கரூரிலும் ஈரோட்டிலும் வீட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி கிடையாது. கறந்ததும் பிரிட்ஜின் உள்பக்கத்தில், கதவுத் தட்டில் அல்லாமல், வைத்தால் நாலு நாள் வரை இருக்கும். திரும்பக் கொதிக்க வைக்கக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். ஆறு மாதம் முடிந்து உணவு தொடங்கும்போது ஒரு எவர்சில்வர் கிண்ணம், சின்னக் கரண்டி, மசிக்க ஒரு மத்து. மிக்ஸிபோல் ஒன்று தனியாக விற்கிறார்கள், அது வேண்டாம்.

மருந்துப் பெட்டிக்கு மூன்று பொருள்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், மில்லி கோடு போட்ட மருந்து சிரிஞ்சு, நகவெட்டி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே, கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெற்றியில் கைவைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிரிஞ்சு எதற்கென்றால், பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லியில்தான் 120 அல்லது 125 மில்லிகிராம். அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த சிரப் அளவைத் தம்பியின் சொட்டு மருந்தில் எடுத்தால் நாலு மடங்கு போய்விடும். பாட்டிலை மாற்றினால் அளவையும் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். வீட்டுக் கரண்டியால் அளக்கவே கூடாது. பவுடர், கண் மை, கிரைப் வாட்டர் மூன்றையும் சீர்த்தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பவுடர் தூசி நுரையீரலுக்குப் போகும். மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு.

வெள்ளிக் கொலுசும் தண்டையும் நம் வழக்கம். முத்துகள் திருகிப் பொருத்தியதா, பற்ற வைத்ததா என்று இழுத்துப் பாருங்கள். அரைஞாண் கயிற்றை மாதம் ஒருமுறை தளர்த்திக் கட்ட வேண்டும். வசம்பு வளையல், கருமணி வளையல் இரண்டும் வாய்க்குப் போகும் வயது வந்துவிட்டால் கழற்றிவிடுங்கள். மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பாட்டுப் பாடும் பொம்மையில் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியதாக இருக்க வேண்டும். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் உட்கார்ந்த குழந்தை ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் பாயும். பக்கத்தில் நிற்கும் தாயால்கூடப் பிடிக்க முடியாது. வாசல்படி, திண்ணை விளிம்பு, கொதிக்கும் குழம்பு, மேசையில் தொங்கும் மிக்ஸி ஒயர் எல்லாம் அதுவரை எட்டாதவை, வாக்கரில் எட்டும். நடையும் சீக்கிரம் வராது. நுனிக்காலில் உந்தப் பழகுவதால் தாமதமாகவும் வாய்ப்புண்டு. கனடா 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மர நடைவண்டி வாங்குங்கள், அதையும் குழந்தை தானே பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு கொடுங்கள். கனமானதாக இருந்தால்தான் சாய்த்துப் பிடிக்கும்போது பின்னால் கவிழாது. தவழும் வயதில் தண்ணீர் நிறைந்த வாளி, அண்டா, மூடாத சிமெண்ட் தொட்டி எல்லாமே ஆபத்து. மூடிகளுக்குச் செலவு செய்வதும் குழந்தைச் செலவுதான்.

தள்ளுவண்டி அபார்ட்மெண்ட் வளாகத்தில் ஓடும். தோட்டத்து மண்பாதையிலும் நடைபாதை இல்லாத ரோட்டிலும் மூலையில்தான் நிற்கும்.

காருக்கான குழந்தை இருக்கைதான் நாங்கள் மிகவும் வற்புறுத்துவது. குலதெய்வம் கோயில், மொட்டை, காதுகுத்து, விருந்து என்று கோவைக்கும் காங்கேயத்துக்கும் சேலத்துக்கும் ஐந்தாம் மாதத்திலிருந்தே குழந்தை காரில் போகிறது. எல்லாக் காரிலும் அது யாரோ ஒருவர் மடியில்தான் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் ஆறு கிலோக் குழந்தை நூறு கிலோவுக்கு மேலான விசையோடு முன்னால் பறக்கும். எந்தக் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. முன் இருக்கையில் மடியில் வைத்திருந்தால் ஏர்பேக் நேராகக் குழந்தையின் மேல் வெடிக்கும். பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம் என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை.

வாங்கும்போது பின்னோக்கிப் பொருத்தும் வகையா என்று பாருங்கள். குழந்தைக்குக் கழுத்தைவிடத் தலை கனம். பின்னோக்கி இருந்தால்தான் மோதலில் முதுகும் தலையும் கழுத்தும் சேர்ந்து தாங்கப்படும். ஒன்றேகால் வயது வரைக்குமாவது, இருக்கையின் எடை வரம்பு அனுமதித்தால் அதற்கு மேலும், பின்னோக்கியே வைக்க வேண்டும். இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஐரோப்பியத் தரமான ஈ.சி.ஈ. ஆர்44, ஆர்129 என்ற முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் காரில் குழந்தை இருக்கையை நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பின் இருக்கையின் இடுக்கில் விரல் விட்டுப் பாருங்கள்; இல்லாவிட்டால் பெல்ட்டில் கட்டும் வகையை எடுங்கள். கட்டியபின் பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தோள்பட்டை வார், பின்னோக்கி வைக்கும்போது, தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது. கனமான போர்வையைச் சுற்றி உள்ளே வைத்து வார் மாட்டினால், மோதலில் போர்வை அமுங்கி வார் தளர்ந்துவிடும். வாரை மாட்டிவிட்டு மேலே போர்த்துங்கள். வீடு வந்ததும் இருக்கையிலேயே தூங்க விடாமல் எடுத்துப் படுக்க வையுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. தாய்மாமன் சீருக்கு இதைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தெரியவில்லை.

கார் இல்லாத வீடுகளுக்கு: நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் கொண்டுபோக, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும், ஒன்பது மாதம் முதல் அளவான ஹெல்மெட்டும், நாற்பது கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. கைக்குழந்தையைப் பக்கவாட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துப் போவதைவிட, தடுப்பூசி நாளன்று பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போவது மேல். அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பின் வீடு திரும்ப 102 வாகனம் இலவசம். மார்பில் கட்டும் கேரியர் நடந்து போகத்தான்; அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டவோ அடுப்படியில் நிற்கவோ கூடாது. அதில் குழந்தையின் முகம் குனியாமலே தெரிய வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும், முட்டிகள் இடுப்பைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும்.

உறவில் கைமாற்றி வாங்கிக்கொள்ளத் தக்கவை உண்டு: துணி, பேசின், கொசுவலை, நடைவண்டி, பாலாடை. பழையதை வாங்கக் கூடாதவையும் உண்டு: தொட்டில் ஸ்பிரிங், நடுவில் பள்ளம் விழுந்த மெத்தை, பாட்டில் ரப்பர், ஒருவர் பயன்படுத்திய வீட்டுப் பம்ப். கார் இருக்கையைப் பொறுத்தவரை, அது இருந்த கார் எங்கும் மோதியதில்லை என்று கொடுப்பவர் உறுதியாகச் சொன்னால் மட்டும் வாங்கலாம். அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

திருப்பூர், ஈரோட்டுத் துணி வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். துவைத்து மென்மையாக்கிய வெள்ளைப் பருத்தி லங்கோடு முப்பதும், ஈரிழைத் துண்டு நாலும், நாடா ஜபலா எட்டும் ஒரே கட்டாகக் கட்டி, சீர்த்தட்டில் வைக்கத் தகுந்த பெட்டியில் கொடுங்கள். பார்வைக்கும் எடுப்பாக இருந்தால் அப்புச்சி வீட்டார் அதைத் தயங்காமல் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்கள் இருவர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.